கரை நகர்ந்த கணக்கு: செயற்கைக்கோள் படங்களில் கடலரிப்பைப் படிப்பது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையை ஒட்டி ஒரு காலத்தில் அகலமான மணல்வெளி இருந்தது. ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். பின்னால் பிறந்தவர்கள் அங்கே பார்த்து வளர்ந்ததெல்லாம் கருங்கல் குவியலைத்தான். 2018க்குப் பிறகு அதே இடத்தின் ஒரு பகுதியில் மறுபடி மணல் சேர்ந்திருக்கிறது. நகரத்துக்கு வடக்கே தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களின் நிலைமை வேறு. அங்கே வீடுகளும் தென்னைகளும் படகு நிறுத்தும் இடமும் கடலுக்குள் போயிருக்கின்றன.

மணல் எப்போது போனது? எவ்வளவு போனது? ஏன் போனது? ஊர்க்காரர்களுக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். ஆனால் நினைவை மட்டும் வைத்துக்கொண்டு அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ போய் நின்றால் எடுபடுவதில்லை. அளவு கேட்பார்கள், ஆண்டு கேட்பார்கள். அந்த இடத்தில்தான் செயற்கைக்கோள் படங்கள் கைகொடுக்கின்றன. 1972இலிருந்து பூமியின் கரையோரங்களெல்லாம் மேலிருந்து படம்பிடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அவற்றைப் படிக்கும் முறையைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருபவர்களுக்காக இந்தக் கட்டுரை. முன்னனுபவம் எதுவும் தேவையில்லை, கூட்டல் கழித்தல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

மணல் நடக்கும் வழி

படத்துக்குப் போவதற்கு முன்னால் கரையைப் பற்றிக் கொஞ்சம். கடற்கரை மணல் கிடந்த இடத்திலேயே கிடப்பதில்லை. அலை கரையில் நேராக வந்து மோதாமல் சற்றுச் சாய்வாக மோதும்போது, மணலைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிவிட்டுத் திரும்புகிறது. அடுத்த அலையும் அப்படியே செய்கிறது. இப்படி நாள் முழுக்க, ஆண்டு முழுக்க மணல் கரையோரமாகவே பயணம் போகிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கு, தென்கிழக்கிலிருந்து வருகின்றன. அப்போது மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. சென்னைப் பக்கத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்கிறார்கள். ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். அதன் அளவு ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர்.

இந்த ஓட்டத்தின் குறுக்கே ஒரு கல் தடுப்பைக் கடலுக்குள் நீட்டினால் என்ன ஆகும்? தடுப்பின் தெற்கே மணல் தேங்கும். வடக்கே வரவேண்டிய மணல் வராது. ஆனால் அலை வருவதை நிறுத்தாது, வடக்கே இருக்கும் மணலைத் தொடர்ந்து அள்ளிக்கொண்டே போகும். புதிய வரவு இல்லாமல் செலவு மட்டும் நடக்கும். கடலரிப்பு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

சென்னை இதற்குப் பழைய உதாரணம். 1875இல் துறைமுக வேலை தொடங்கியது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்று நாம் உலாவும் மெரினா இவ்வளவு அகலமானது. துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கரை தேய்ந்தது. மெரினாவின் அகலத்தையும் வடசென்னையின் கல்சுவரையும் தனித்தனிச் செய்தியாகப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒரே மணல் கணக்கின் வரவும் செலவும்.

அதனால் ஓர் ஊரில் அரிப்பு என்றால், அந்த ஊரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துப் பயனில்லை. தெற்கே பல கிலோமீட்டர் வரை கரையைப் பார்க்க வேண்டும். தரையில் நின்று இதைச் செய்வது கடினம். 185 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே படத்தில் செய்வது எளிது. செயற்கைக்கோளின் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். அரிப்பு நடக்கும் இடத்தையும் அதற்குக் காரணமான இடத்தையும் அது ஒரே சட்டத்துக்குள் காட்டுகிறது.

எந்தச் செயற்கைக்கோள், எவ்வளவு தெளிவு?

கரையோர ஆய்வுக்கு அதிகம் பயன்படுவது அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை. முதலாவது 1972 ஜூலையில் போனது. அதன் படத்தில் ஒரு பிக்சல் சுமார் 80 மீட்டர். அதாவது தரையில் 80 மீட்டருக்கு 80 மீட்டர் பரப்பு முழுவதும் படத்தில் ஒரே ஒரு கட்டமாகத் தெரியும். 1982இல் போன லேண்ட்சாட் 4 அதை 30 மீட்டராகக் குறைத்தது. அதன் பிறகு வந்த 5, 7, 8, 9 ஆகியவையும் அதே 30 மீட்டர்தான். ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. 2008இல் இந்தப் படக் களஞ்சியம் முழுவதும் இலவசமாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் ஒவ்வொரு படத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே இடத்துக்கு நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கிப் பார்க்கும் பழக்கம் பரவலானது இதற்குப் பின்னால்தான்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015இல் தொடங்கின. பிக்சல் 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒருமுறை படம், இதுவும் இலவசம். நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். (இந்தியத் தொலையுணர்வு) செயற்கைக்கோள் வரிசை 1988இல் தொடங்கியது. அதில் லிஸ்-4 கருவி எடுக்கும் படங்களின் பிக்சல் 5.8 மீட்டர். இன்னும் பின்னோக்கிப் போக நினைப்பவர்களுக்கு, 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்கின்றன. அவை 1995இல் பொதுவுக்கு விடப்பட்டன. அதற்கும் முந்தைய காலத்துக்கு நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள்தான் துணை.

30 மீட்டர் பிக்சலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு மீட்டர் நகரும் கரையை எப்படி அளப்பது என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கும். நியாயமான கேள்வி. பதில் கொஞ்ச நேரத்தில் வரும்.

தண்ணீரை எப்படிப் பிரிப்பது?

நம் கண்ணுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளும் அவற்றின் கலவையும்தான் தெரியும். செயற்கைக்கோளின் கருவி இவற்றோடு அகச்சிவப்பு ஒளியையும் தனியாக அளக்கிறது. நமக்கு வேண்டிய வேறுபாடு இந்த அகச்சிவப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் அதை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும், மணலும் செடியும் நன்றாகத் திருப்பி அனுப்பும். எனவே அகச்சிவப்புப் படத்தில் கடல் கன்னங்கரேலென்றும் நிலம் வெளிச்சமாகவும் தெரியும். சாதாரண வண்ணப் படத்தில் கலங்கிய தண்ணீரும் ஈர மணலும் ஒன்றுபோலத் தோன்றும் இடங்களில்கூட, இதில் பிரித்துக்கொள்ளலாம்.

கணினிக்கு இதை எண்ணாகச் சொல்ல வேண்டும். 1996இல் மெக்ஃபீட்டர்ஸ் என்பவர் ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தார். பச்சை ஒளியின் அளவிலிருந்து அண்மை அகச்சிவப்பின் (சிவப்பு ஒளிக்கு மிக அருகில் இருக்கும் அகச்சிவப்பு) அளவைக் கழித்து, அந்த இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். இதை நீர்க் குறியீடு என்று சொல்லலாம். ஒரு கடல் பிக்சலில் பச்சை 0.08, அகச்சிவப்பு 0.02 என்று வைத்துக்கொள்வோம். 0.06ஐ 0.10ஆல் வகுத்தால் 0.6 வரும். காய்ந்த மணலில் பச்சை 0.20, அகச்சிவப்பு 0.30 என்றால் விடை மைனஸ் 0.2. தண்ணீர் என்றால் கூட்டல் பக்கம், தரை என்றால் கழித்தல் பக்கம். அவ்வளவுதான் விஷயம்.

நடைமுறையில் எல்லைக்கோடு எப்போதும் சரியாகப் பூஜ்யத்தில் விழுவதில்லை. ஆற்று முகத்துவாரத்தில் சேறு கலந்த தண்ணீர் அகச்சிவப்பைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அலை உடையும் இடத்து நுரை மணலைப் போல வெள்ளையாக இருக்கும். அதனால் பலர் அண்மை அகச்சிவப்புக்குப் பதில் இன்னும் நீண்ட அலைநீளமுள்ள குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்துகிறார்கள், கலங்கல் நீரில் அது குறைவாகவே ஏமாறும். எல்லை எண்ணைத் தானாகக் கண்டுபிடிக்க ஓட்சு முறை இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி ஓட்சு 1979இல் வெளியிட்டது. படத்தில் உள்ள எல்லா எண்களையும் பார்த்து, இரண்டு கூட்டமாக எந்த இடத்தில் வெட்டினால் பிரிவு மிகத் தெளிவாக இருக்கும் என்று அது சொல்லும்.

பிக்சல் பிரச்சினைக்கான பதிலின் முதல் பாதி இங்கேதான் கிடைக்கிறது. கரை ஒரு பிக்சலின் நடுவே ஓடினால், அந்தக் கட்டத்துக்குப் பாதி நீர், பாதி மணல் என்று இடைப்பட்ட எண் வரும். பக்கத்துக் கட்டங்களின் எண்களோடு ஒப்பிட்டு, எல்லை அந்தக் கட்டத்துக்குள் எந்த இடத்தில் விழும் என்று கணக்கிடலாம். பிக்சல்களின் விளிம்பில் படிக்கட்டுப் போலக் கோடு போடாமல், அவற்றை ஊடுருவி வழுவழுப்பான கோடாக வரைவது இப்படித்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கோஸ்ட்சாட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. மணல் கரைகளில் அதன் பிழை 10 மீட்டரை ஒட்டி இருப்பதாகச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 30 மீட்டர் பிக்சலிலிருந்து 10 மீட்டர் நுட்பம் கிடைப்பது சிறிய காரியமில்லை.

அந்தக் கோடு எதைக் காட்டுகிறது?

தொடக்கநிலையில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். படத்திலிருந்து எடுத்த கோடு கரையின் நிரந்தரமான எல்லையைக் காட்டுவதில்லை. செயற்கைக்கோள் கடந்துபோன அந்த நொடியில் தண்ணீர் எங்கே நின்றதோ, அதை மட்டும் காட்டுகிறது.

லேண்ட்சாட்டும் சென்டினல்-2வும் காலை பத்து, பத்தரை மணி வாக்கில் கடந்துபோகின்றன. அந்த நேரத்தில் ஒருநாள் கடல்நீர் ஏறியிருக்கும் (ஏற்றம்), இன்னொரு நாள் இறங்கியிருக்கும் (வற்றம்). சென்னை, புதுச்சேரி கரையில் ஏற்ற வற்ற வேறுபாடு பெரிதில்லை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டியே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் கரையின் சரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரும் சரிவு என்றால், நீர்மட்டம் 60 சென்டிமீட்டர் ஏறியதும் கோடு 9 மீட்டர் உள்ளே வந்துவிடும். மணல் ஒரு துளிகூடப் போகவில்லை, கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது. இன்னும் தட்டையான கரையில் இந்த நகர்வு இரண்டு மூன்று மடங்காகும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஏற்ற வற்றம் 10 மீட்டருக்கும் மேல் போகும். அங்கே ஓதத்தை, அதாவது இந்த ஏற்ற வற்றத்தை, கணக்கில் எடுக்காமல் கரைக்கோடு போட்டால், கிலோமீட்டர் கணக்கில் தவறு வரும்.

அப்புறம் பருவம். வடகிழக்குப் பருவமழைக் காலத்து முரட்டு அலைகள் கரை மணலைக் கொஞ்சம் கடலுக்குள் இழுத்துப் போட்டுவைக்கும். அமைதியான மாதங்களில் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். டிசம்பரில் எடுத்த படத்தையும் வேறொரு ஆண்டின் மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், ஆண்டுகளின் மாற்றமும் பருவத்தின் மாற்றமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் கரைக்கு ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் வரை உள்ள படங்கள் வசதி. வானம் தெளிவாக இருக்கும், ஒவ்வொரு ஆண்டும் அதே மாதத்தில் படம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

மூன்றாவது புயல். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2012 ஜனவரிப் படத்தை மட்டும் எடுத்து 2011 ஜனவரியோடு ஒப்பிட்டால் பயங்கரமான முடிவு வரும். புயல் கொண்டுபோனதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதை அடுத்த சில ஆண்டுகளின் படங்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். 2004 சுனாமிக்கும் இதே விதிதான்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து "அன்று, இன்று" என்று போடுவது சமூக வலைத்தளங்களில் எளிதாகப் பரவுகிறது. அதைச் செய்பவர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாட்களின் ஓதம் என்ன, மாதம் என்ன என்று எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டால், உண்மையான பாதிப்பும் சந்தேகத்துக்கு உரியதாகிவிடும். ஊர்க்காரர்களின் பக்கம் நியாயம் இருக்கும்போது, அவர்களுக்குக் கொடுக்கும் ஆதாரமும் உறுதியாக இருக்க வேண்டும்.

பல கோடுகள், ஒரு வேகம்

எனவே பல ஆண்டுகளின் பல படங்கள் வேண்டும். பிக்சல் கேள்விக்கான பதிலின் மறுபாதி இதுதான்.

முறை இப்படி. கரைக்கு இணையாக, நிலத்தின் பக்கத்தில் ஓர் அடிக்கோடு போடுகிறோம். அதிலிருந்து கடலை நோக்கி, 50 மீட்டருக்கோ 100 மீட்டருக்கோ ஒன்று என்று செங்குத்தாகக் குறுக்குக் கோடுகளை இழுக்கிறோம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டையும் ஒவ்வொரு ஆண்டின் கரைக்கோடு எங்கே வெட்டுகிறது என்று தூரத்தைக் குறித்துக்கொள்கிறோம். இப்போது ஒவ்வொரு குறுக்குக் கோட்டுக்கும் ஆண்டு, தூரம் என்று ஓர் அட்டவணை கிடைத்துவிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் டி.எஸ்.ஏ.எஸ். என்ற இலவசக் கருவி இதையெல்லாம் தானாகவே செய்யும். கியூஜிஐஎஸ் போன்ற இலவச வரைபட மென்பொருளில் கையாலும் செய்யலாம்.

வேகத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. முதல் ஆண்டின் தூரத்தையும் கடைசி ஆண்டின் தூரத்தையும் கழித்து, இடைப்பட்ட ஆண்டுகளால் வகுப்பது ஒன்று. 1990இலிருந்து 2020க்குள் கரை 60 மீட்டர் உள்ளே வந்திருந்தால் ஆண்டுக்கு 2 மீட்டர். எளிதுதான், ஆனால் அந்த இரண்டு படங்களில் ஒன்று ஏற்ற நேரத்தில் எடுத்ததாக இருந்தால் கணக்கே கெட்டுவிடும். இரண்டாவது வழியில் எல்லா ஆண்டுகளின் புள்ளிகளையும் வரைபடத்தில் இட்டு, அவற்றின் ஊடாக மிகப் பொருத்தமான ஒரு நேர்கோட்டைப் போடுகிறோம். அதன் சரிவுதான் வேகம். ஒரு படத்தில் ஓதம் கூட இருந்திருக்கும், இன்னொன்றில் குறைய இருந்திருக்கும். புள்ளிகள் அதிகமாக ஆக, அந்தப் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு சமன்செய்துகொள்ளும். முடிந்தவரை இரண்டாவதையே பயன்படுத்துங்கள்.

பிழையையும் எண்ணாகச் சொல்லப் பழக வேண்டும். ஒவ்வொரு கரைக்கோட்டிலும் 15 மீட்டர் பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோடுகளை ஒப்பிடும்போது மொத்தப் பிழை, 15இன் வர்க்கத்தை இருமுறை கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் சுமார் 21 மீட்டர். மூன்று ஆண்டு இடைவெளியில் இதை வகுத்தால் ஆண்டுக்கு 7 மீட்டர் பிழை. அந்த நிலையில் ஆண்டுக்கு 2 மீட்டர் அரிப்பு என்று சொல்வதற்கு எந்தப் பொருளும் இல்லை. முப்பது ஆண்டு இடைவெளி என்றால் பிழை ஆண்டுக்கு 0.7 மீட்டர்தான். இப்போது அதே 2 மீட்டர் நம்பத் தகுந்த எண்ணாகிவிடுகிறது. காலம் நீள நீள, பிக்சலின் பருமனால் வரும் தொல்லை குறைகிறது.

புதுச்சேரியைப் படித்துப் பார்ப்போம்

இனி தொடங்கிய இடத்துக்கே வருவோம். புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை.

1990ஐ ஒட்டிய ஒரு லேண்ட்சாட் படம், 2000ஐ ஒட்டி ஒன்று, 2010, 2020 என்று வரிசையாகத் திறந்தால், முதலில் பார்க்க வேண்டியது தெற்குத் தடுப்பின் அடிப்பகுதி. அங்கே மணல் முக்கோணமாகச் சேர்ந்து, கரைக்கோடு கடலை நோக்கிப் போயிருக்கும். வடக்கிலிருந்து வரும் மணலைவிடத் தெற்கிலிருந்து வரும் மணல்தான் அதிகம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம். தடுப்பு எந்தப் பக்கம் மணலைத் தேக்குகிறதோ, அந்தப் பக்கத்திலிருந்துதான் ஓட்டம் வருகிறது. உலகத்தின் எந்தக் கரையையும் இந்த ஒரு அடையாளத்தை வைத்துப் படிக்கத் தொடங்கலாம்.

அடுத்து நகரத்தின் முகப்பு. அங்கே மணல் போனபிறகு சாலையைக் காக்கக் கருங்கல் கொட்டப்பட்டது. கல் வந்ததும் கரைக்கோடு நின்றுவிடும், ஏனென்றால் அதற்கு உள்ளே கடல் வர முடியாது. வடக்கே மணல் பசி மட்டும் தீராமல் தொடர்ந்தது. அரிப்பு அடுத்தடுத்த ஊருக்கு நகர்ந்தது. அந்த ஊர்களைக் காக்கக் கல்சுவரும் தூண்டில் வளைவும் போடப்பட்டன. தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் குட்டிக் கல் தடுப்பு. தனக்குத் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்துவைக்கும், தனக்கு வடக்கே இருப்பவரின் பங்கைக் குறைக்கும். படங்களை வரிசையாகப் பார்த்தால், கல் வடக்கே போகப் போக அரிப்பும் அதன் முன்னால் வடக்கே போவதைக் காணலாம். துறைமுகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, அதனால் ஒரு ரூபாய் வருமானமும் பார்க்காத ஊர்கள் அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. கரைவலை இழுக்க மணல் வேண்டும். படகு ஏற்ற, வலை காயவைக்க, மீன் உலர்த்த மணல் வேண்டும். கல் குவியலில் இதில் எதையும் செய்ய முடியாது.

2018இல் சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகப் பகுதிக்கு எதிரே கடலுக்கு அடியில் இரும்பாலான முக்கோண வடிவ அமைப்பு ஒன்றை இறக்கியது. அலையின் வேகத்தைக் கரைக்கு வருமுன்பே குறைத்து மணலைப் படியவைப்பது அதன் நோக்கம், மணல் நிரப்புவதும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. அதற்குப் பிந்தைய சென்டினல்-2 படங்களில், நகர முகப்பில் மணல் திரும்பிச் சேர்ந்திருப்பது 10 மீட்டர் பிக்சலிலேயே தெரிகிறது. நல்ல செய்திதான். ஆனால் நகர முகப்பின் படத்தை மட்டும் வெட்டி எடுத்து வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில் வடக்கே உள்ள ஊர்களின் குறுக்குக் கோடுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சேர்த்து வைக்க வேண்டும்.

கல்சுவர் மறைக்கும் உண்மை

இந்தியாவின் பிரதான நிலப்பரப்புக் கரை முழுவதையும் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து, சென்னையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் ஆராய்ந்தது. நாட்டின் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்பது முடிவு. தமிழ்நாட்டில் அந்தப் பங்கு ஏறக்குறைய 43 சதவீதம், மேற்கு வங்கத்தில் 60 சதவீதம். 2018இல் வெளியான ஓர் உலக ஆய்வு 1984 முதல் 2016 வரையிலான படங்களைப் பார்த்து, உலக மணற்கரைகளில் 24 சதவீதம் ஆண்டுக்கு அரை மீட்டருக்கு மேல் தேய்வதாகவும், 28 சதவீதம் வளர்வதாகவும் சொன்னது.

இப்படிப்பட்ட கணக்குகளைப் படிக்கும்போது "மாற்றமில்லாத கரை" என்ற வகையைக் கவனமாகப் பாருங்கள். கல்சுவர் போட்ட கரையில் கோடு நகராது. கணினி அதை மாற்றமில்லாதது என்று பதிந்துவிடும். மணல் முழுவதும் போய், சுவரில் அலை மோதும் இடமும் அதில் அடங்கியிருக்கும். கோடு நிலையாக இருக்கிறது என்பதால் கடற்கரை பத்திரமாக இருக்கிறது என்று பொருளில்லை. சுவர் இருக்கும் இடங்களில் கரைக்கோட்டை அளப்பதோடு, சுவருக்கு முன்னால் உள்ள மணலின் அகலத்தையும் தனியாக அளக்க வேண்டும். அந்த அகலம் பூஜ்யம் என்றால் அதை அப்படியே எழுத வேண்டும்.

அலையாத்திக் காடுள்ள பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற இடங்களுக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது. மரங்களின் விளிம்பைத்தான் அங்கே கரைக்கோடாக எடுக்க வேண்டியிருக்கும். காரணங்களும் இடத்துக்கு இடம் மாறும். ஆற்றில் அணை கட்டியதாலும் மணல் அள்ளியதாலும் கடலுக்கு வரும் மணல் குறைந்த இடங்கள் உண்டு. கடல்மட்டம் உயர்வதும் ஒரு காரணம். ஆனால் ஒரு தடுப்புக்கு வடக்கே மட்டும் அரித்து, தெற்கே மட்டும் வளரும் கரையைப் பார்த்துக் கடல்மட்ட உயர்வைக் குறை சொல்வது சரியாகாது. கடல்மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் உயர்கிறது.

நீங்களே செய்து பார்க்க

கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய படங்களுக்குப் போகும் நேரப் பட்டை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கரையில் அதைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். அளப்பதற்கு முன்னால் ஒரு சோதனை அவசியம். வெவ்வேறு ஆண்டுப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் சில மீட்டர் விலகியிருக்கும். கோயில் குளத்தின் மூலை, பழைய கலங்கரை விளக்கம், சாலைச் சந்திப்பு போல நகராத ஒன்றில் ஊசியைக் குத்திவைத்து, ஒவ்வொரு ஆண்டிலும் அது அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். குளத்தின் மூலையே எட்டு மீட்டர் நகர்ந்திருந்தால், கரையில் தெரியும் எட்டு மீட்டரை நம்பக் கூடாது.

சென்டினல் படங்களுக்குக் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இலவச இணையதளம் போதும். நீர்க் குறியீடு அதில் ஆயத்தமாகவே இருக்கிறது, தரவிறக்கத் தேவையில்லை. இந்திய செயற்கைக்கோள் படங்களுக்கு இஸ்ரோவின் புவன் தளம் உண்டு. பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் கோஸ்ட்சாட்டை நிறுவி, கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையச் சேவை வழியாக ஒரு கரையின் எல்லா லேண்ட்சாட் படங்களையும் ஓட்டிப் பார்க்கலாம். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது 2003 மே மாதக் கடைசிக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடும். அதன் கருவியின் ஒரு பகுதி பழுதானதால் வந்தது அது. அவற்றை முழுக்க ஒதுக்க வேண்டாம். உங்கள் ஊர் கோடுகளுக்கு இடையே அகப்பட்டால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கரைக்கோட்டுடனும் தேதி, செயற்கைக்கோளின் பெயர், கடந்த நேரம், அந்த நேரத்து ஓத உயரம் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் உங்கள் வேலையை யாராவது சோதித்துப் பார்க்க விரும்பினால் இந்த நான்கும் இல்லாமல் முடியாது.

மேலிருந்து எடுத்த படம் கரையின் அகலத்தைச் சொல்லும், மணலின் உயரத்தையும் கடலுக்கு அடியில் கிடக்கும் மணலையும் சொல்லாது. அதற்கு ஆள் போய் அளக்க வேண்டும். கரையில் நகராத ஒரு குறியிலிருந்து தண்ணீர் விளிம்பு வரை மாதம் ஒருமுறை டேப் பிடித்து அளந்தால்கூட, படத்திலிருந்து வந்த கோட்டைச் சரிபார்க்க அது அருமையான தரவு. கரையோரப் பள்ளிகளில் இதைச் செய்யலாம். செயற்கைக்கோள் மேலே வரும் தேதிகளை முன்கூட்டியே இணையத்தில் பார்த்துக்கொண்டு, அதே நாள் காலை பத்தரை மணிக்கு அளந்தால், மாணவர்களின் அளவையும் படத்தின் அளவையும் நேருக்கு நேர் ஒப்பிடலாம். தெண்டி எந்த மாதம் தொடங்கியது, வன்னி எப்போது வந்தது, எந்த ஆண்டு எந்தப் பனைமரம் வரை தண்ணீர் வந்தது என்று ஊர் மீனவர்களிடம் கேட்டு, அதே நோட்டில் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். படத்தில் விளங்காத ஒரு திடீர் நகர்வுக்கு அந்தக் கட்டத்தில் விடை இருக்கக்கூடும்.